சீனக் கலையைப் பார்க்க எங்கள் வீடுகளையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறையில் மும்பைப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் வாய்விட்டுப் படித்தோம். தண்ணீர்ப் பூங்கா, மால், செயற்கைப் பனி அரங்கு என்று எல்லாவற்றுக்கும் நேரம், கட்டணம், போகும் வழி எல்லாம் கொடுத்திருந்தீர்கள். அருங்காட்சியகங்களுக்குக் கிடைத்தது ஒரே வரி. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் போகலாம் என்று அதில் இருந்தது. அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஆர்வத்தோடு பிறந்து அருங்காட்சியகத்துக்குப் போன பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? போய்ப் பார்த்த பிறகுதான் ஆர்வம் வருகிறது. அதுவும் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று வீடே சேர்ந்து போய்வந்தால்தான், திரும்பி வந்த பிறகும் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கும்.

நான் தாராவியில் தோல் பை தைக்கிறவன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே தோல் பதனிடும் கூடத்து வேலைக்கு வந்தவர். சுண்ணாம்பில் ஊறிய தோலை எடுத்து மயிர் களைந்து, உள்பக்கத்துச் சதையை வழிப்பது அவர் வேலை. கூடங்கள் இந்தப் பகுதியை விட்டுப் போன பிறகும் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் இங்கேயே தங்கிவிட்டன. தோல் இப்போது ஆம்பூர், வாணியம்பாடி, கான்பூர், கொல்கத்தா என்று வெளியூர்களிலிருந்து வருகிறது.

தோல் தைக்கிறவனுக்குச் சீனக் கலையில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சீனர்கள் அந்நியர்கள் அல்லர். கொல்கத்தாவின் டாங்ராவில் ஹக்கா சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வந்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கூடங்களை நகருக்கு வெளியே மாற்றச் சொல்லும் வரைக்கும் டாங்ரா என்றாலே தோல்தான். டாங்ராவிலிருந்து வந்த சரக்கு என்றால் அப்பா ஒரு மூலையைப் பிடித்து மடித்துப் பார்ப்பார், விரலால் நீவுவார், பிறகு பேரமே பேசமாட்டார். சீனர் என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது அந்தக் கைவேலைதான். அதனால்தான் சீனக் கலையைக் காட்டும் இடங்களில் கைவேலை செய்கிற வீடுகளைக் காணாதபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்த ஊரின் பெரிய அருங்காட்சியகத்தில் தொடங்குகிறேன். இன்றைய பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம். பழைய ஆட்களுக்கு இன்னமும் அது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம்தான். 1905இல் அடிக்கல் நாட்டி, முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனையாகப் பயன்பட்டு, 1922இல் பொதுமக்களுக்குத் திறந்த கட்டிடம். சர் ரத்தன் டாடாவும் சர் தோராப்ஜி டாடாவும் சேர்த்துவைத்த கலைப்பொருட்கள் இங்கே வந்து சேர்ந்தன. சீனப் பீங்கானும் ஜேட் கல் வேலைப்பாடும் அவற்றில் அடக்கம். பம்பாய் வணிகர்கள் சீனாவுக்குப் பருத்தியும் அபினியும் அனுப்பி, பட்டும் தேயிலையும் பீங்கானும் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு. அபினியையும் சேர்த்துத்தான் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். இந்த நகரத்தின் பல மாளிகைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது.

அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டிடம் முழுவதையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். கொடுத்த டிக்கெட் காசுக்கு எல்லாக் கூடத்தையும் பார்த்தாக வேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பதால்தான் பிள்ளைகள் இரண்டாவது மாடியில் அழத் தொடங்குகிறார்கள். ஒரு கூடம் போதும். அதில் ஒரு பொருளைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அதன் முன்னால் நின்று, பென்சிலால் அதை வரையட்டும். வரைகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் பார்க்காதது தென்படும். மற்றக் கூடங்களுக்கு இன்னொரு ஞாயிறு வரும்.

என் பேத்திக்கு ஆறு வயது. ஒரு பீங்கான் தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அவள் உயரத்துக்குத் தட்டின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. மேலெல்லாம் கண்ணாடிப் பளபளப்பு, ஆனால் தட்டு நிற்கிற அடி வளையத்தில் மட்டும் பளபளப்பில்லாமல் சொரசொரவென்று ஒரு கோடு. அங்கே ஏன் பூசவில்லை தாத்தா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மாலை கும்பார்வாடாவில் எங்களுக்குத் தெரிந்த குயவர் ஒருவரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் முன்னோர் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மெருகு என்பது சூளையில் உருகிக் கண்ணாடியாகிற பூச்சு, அடியிலும் பூசினால் சட்டி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் நிற்கிற வளையத்தைத் துடைத்துவிட வேண்டும் என்றார். பஞ்சுக் கழிவை எரித்துச் சுடும் அவருடைய சூளையில் பீங்கான் வேகாது. அதற்குக் கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் வேண்டும், ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சீனாவின் ஜிங்டெசென் ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விறகை எரித்து அந்த வெப்பத்தை எட்டினார்கள். நீலப் பூவேலையைக் கோபால்ட் சாயத்தால் சுடாத மண்ணின் மேல் வரைவார்கள். தூரிகை பட்ட இடத்தில் மண் உடனே சாயத்தை உறிஞ்சிவிடும், அழிக்க முடியாது. அந்தக் கோபால்ட்டின் ஒரு பகுதி பாரசீகத்திலிருந்து கப்பலிலும் ஒட்டகத்திலும் போனது. அடி வளையத்தில் ஒரு கோட்டைப் பார்த்த ஆறு வயதுப் பெண்ணால், நானும் இத்தனையும் தெரிந்துகொண்டேன்.

ஜேட் கல்லின் முன்னால் பேரன் நின்றான். எந்த உளியால் செதுக்கினார்கள் என்பது அவன் கேள்வி. உளி அதில் ஏறாது. ஈரமான கடின மணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே உருவம் கொண்டுவர வேண்டும். கை அகலக் கிண்ணம் ஒன்றுக்கு ஒரு மனிதனின் மாதக்கணக்கான உழைப்பு போயிருக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சீனக் கூடத்தில் சொல்ல இன்னும் செய்தி உண்டு. சோழர்களின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசரின் அவைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சீனர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். குவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டினார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது, அதன் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. அந்த ஊர் கையுவான் பௌத்தக் கோயிலின் தூண்களில் நரசிம்மரையும் கண்ணனையும் இன்றும் பார்க்கலாம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையின் காலி துறைமுகத்தில் நட்ட 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் உண்டு. அது இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தட்டின் உறவுக்காரத் துண்டுகள் நம் கடற்கரையில் கிடக்கின்றன என்று சொன்னால் எந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்காது?

அடுத்துச் சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி.

போன குளிர்காலத்தில் தென் மும்பையில் ஓர் அரங்கில் சீனக் கலைகளுக்கென்று ஒரு நாள் நிகழ்ச்சி நடந்தது. காகிதம் வெட்டுதல், தூரிகை எழுத்து, நிழற்பாவைக் கூத்து. மூன்றுமே யுனெஸ்கோவின் மரபுக் கலைப் பட்டியலில் உள்ளவை. காகித வெட்டும் எழுத்துக் கலையும் 2009இல் சேர்ந்தன, நிழற்பாவை 2011இல். அழைப்பிதழில் குடும்பத்துடன் வருக என்று பெரிய எழுத்தில் இருந்தது. நம்பி வீட்டோடு போனோம்.

பயிற்சி வகுப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாசலில் கேட்ட கட்டணம், எங்கள் பட்டறையில் ஒருவர் நாள் முழுக்க உழைத்து வாங்கும் கூலிக்கு மேல். பிள்ளைகள் இருவருக்கு மட்டும் கட்டினோம். பெரியவர்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். வகுப்புக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆங்கிலத்தில் உரைகள். நாற்காலிகள் எல்லாம் அழைக்கப்பட்ட விருந்தினர்களுக்கு. முழங்கால் வலியோடு என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மருமகள் இடம் கேட்டபோது கழிப்பறையைக் காட்டினார்கள். அதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. குடும்பத்துடன் வருக என்று அச்சடிப்பவர்கள், ஒரு குடும்பத்தில் யார் யார் இருப்பார்கள் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா?

ஆனால் அதே கூரையின் கீழ் நடந்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு, தொண்டராக வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் என் மனைவியைக் கூப்பிட்டுத் தூரிகை எழுத்து மேஜையில் உட்கார வைத்தாள். மைக்கட்டியையும் கல்லையும் அவள் முன்னால் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். நாள்தோறும் பூஜைக்குச் சந்தனம் உரைக்கிற கை அல்லவா, என் மனைவி அதேபோல் நிதானமாக, அழுத்தாமல், வட்டமாக உரைத்தாள். பிள்ளைகள் அவசரப்பட்டு உரைத்த மை தண்ணீராக ஓடியது. அவள் உரைத்தது கெட்டியாக, கறுகறுவென்று வந்தது. அந்தப் பெண் மற்ற மேஜைகளுக்கும் அந்த மையை எடுத்துக்கொண்டு போனாள். மைக்கட்டியை நான் முகர்ந்து பார்த்தேன். விளக்குக் கரியோடு வச்சிரம் சேர்த்துச் செய்தது. வச்சிரம் எங்கள் சரக்கு. தோலில் வழித்துப் போடுகிற கழிவைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. சீனத்துக் கவிஞரின் எழுத்துக்குள் தோல் கூடத்துக் கழிவு இருக்கிறது என்று அன்று நான் சொன்னபோது, பேரன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

நிழற்பாவைக் கூத்து கடைசியாக நடந்தது. திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்ததும், அதுவரை சிணுங்கிய கைக்குழந்தை வாயடைத்துப் போனது. கோல் சுழற்றும் குரங்கு வீரன் திரையில் பாய்ந்தபோது பேத்தி அனுமார் என்று கத்தினாள். யாரும் அவளை அதட்டவில்லை. அதற்காக அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு நன்றி. முடிந்ததும் கலைஞர் பாவைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். சீனாவின் ஷான்சி மாநிலத்தில் அந்தக் கலையைப் பயின்று வந்தவர் அவர். நான் பக்கத்தில் போய், இது கழுதைத் தோலா மாட்டுத் தோலா என்று இந்தியில் கேட்டேன். பெட்டியை மூடப் போனவர் நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தார். பிறகு ஒரு பாவையை எடுத்து என்னிடமே கொடுத்தார்.

மாட்டுத் தோல். பதனிடாத பச்சைத் தோலை ஊறவைத்து, இரண்டு பக்கமும் வழித்து வழித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்திருக்கிறார்கள். விளக்குக்கு நேராகப் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது. சாயம் தோலின் மேலே உட்காரவில்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. அதனால்தான் திரையில் சிவப்பும் பச்சையும் அவ்வளவு துல்லியமாக விழுகின்றன. கழுத்துக்கு ஒரு குச்சி, கைகளுக்கு இரண்டு. மூட்டுகள் நூலால் முடிந்தவை. தலை தனியாகக் கழன்று வருகிறது, ஒரே உடம்புக்கு வெவ்வேறு தலைகளை மாட்டலாம். நன்றாகச் செய்த ஒரு பாவையில் 3,000க்கும் மேற்பட்ட வெட்டுகள் இருக்கும் என்றார். எப்படி வெட்டுகிறீர்கள் என்றேன். கத்தியை வலது கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது கையால் தோலைத் தள்ளிக் காட்டினார். கத்தி நிற்கிறது, தோல் நகர்கிறது. நாங்கள் ஆயுள் முழுவதும் செய்வது இதற்கு நேர்மாறு. தோலை மேஜையில் அழுத்தி வைத்துவிட்டுக் கத்தியைத்தான் ஓட்டுவோம். இறுக்கமான வளைவுகளில் எங்கள் கத்தி ஏன் தடுமாறுகிறது என்று அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. பதிலுக்கு அவர், பையின் ஓரத்தை மடிப்பதற்கு முன்பு எப்படிச் சீவுகிறோம் என்று கேட்டார். காவலாளி விளக்குகளை அணைக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த உரையாடல் நிகழ்ச்சி நிரலில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். கலைஞருக்கு எதிரே தொழில் தெரிந்தவர்களை உட்கார வைத்திருந்தால், தாராவியின் தோல்காரர்களும் கும்பார்வாடாவின் குயவர்களும் பூத்தையல் போடுகிற பெண்களும் கேள்வி கேட்டிருந்தால், தங்கள் அப்பா அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பிள்ளைகள் கண்ணால் கண்டிருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் வளர வளர, தோல் வேலையைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பள்ளியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் வியாபாரம் என்கிறார்கள். உலகம் போற்றும் ஒரு கலை தங்கள் வீட்டுத் தொழிலின் பக்கத்து வீடு என்று அவர்கள் பார்க்கட்டும்.

நிழற்பாவையிலேயே இன்னொரு வழியும் இருக்கிறது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துத் தோற்பாவைக்கூத்தை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. ஆட்டுத் தோலில் செய்த பாவைகள். இராமன் கதைக்கு நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் தூங்குகிற பிள்ளைகளையும் எழுப்பிவிடுவார்கள். அந்தக் கலையைக் காத்துவரும் குடும்பங்கள் வீட்டில் பேசுவது மராத்தி. தமிழில் ஆடி, மராத்தியில் பேசுகிற அவர்களை மும்பையில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதே மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளியில் தாக்கர் சமூகத்தாரும் தோற்பாவை ஆட்டுகிறார்கள். அவர்களில் ஒருவரான பரசுராம் கங்காவணேவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சீனப் பாவை, தமிழ்ப் பாவை, பிங்குளிப் பாவை மூன்றையும் ஒரே மாலையில் ஒரே திரையில் காட்டுகிற நிகழ்ச்சி ஒன்றை இந்த நகரத்தால் நடத்த முடியாதா? தமிழரும் மராத்தியரும் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

சீனா என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது தெருமுனைச் சைனீஸ் பேல் வண்டி. அதற்கு அப்பால், இந்த ஊரிலேயே சீனர்கள் வாழ்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பற்களைக் கட்டிக்கொள்ளச் சீன டாக்டரிடம் போன பெரியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மாகிமில் ஹார்பர் லைன் ரயில் ஏறி டாக்யார்டு ரோட்டில் இறங்கினால், மஜ்காவில் 1919ஆம் ஆண்டு தொடங்கிய சீனக் கோயில் இருக்கிறது. அங்கே வணங்கப்படும் குவான் காங், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்ட ஒரு படைத்தளபதி. கொலையுண்ட வீரன் தெய்வமாவது திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி. சீன நாடக மேடையில் அவருக்குச் சிவப்பு முகம், விசுவாசத்தின் நிறம். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஏதாவதொரு நாளில் வரும். அப்போது இங்குள்ள சீனக் குடும்பங்கள் அந்தக் கோயிலில் கூடுகின்றன. போகிறவர்கள் அது வழிபாட்டு இடம் என்பதை மனத்தில் வைத்து, கேட்டு அனுமதி வாங்கி, சிறு குழுவாகப் போக வேண்டும். படம் எடுப்பதற்கு முன்பும் கேட்க வேண்டும்.

எல்லையில் நம் வீரர்கள் உயிர் கொடுத்த பிறகு சீனக் கலை எதற்கு என்று எங்கள் பட்டறையிலேயே ஒருவர் கேட்டார். 2020இல் கல்வானில் 20 பேர் மாண்டதை நானும் மறக்கவில்லை. ஆனால் 1962 போருக்குப் பிறகு நடந்ததையும் நினைக்க வேண்டும். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் ஏறக்குறைய 3,000 பேரை, குழந்தைகளோடும் முதியவர்களோடும், ராஜஸ்தானின் தேவ்ளி முகாமில் அடைத்தார்கள். பலர் திரும்பி வந்தபோது வீடும் கடையும் இல்லை, நாட்டை விட்டே போய்விட்டார்கள். அரசுகளின் சண்டையை அண்டை வீட்டார் மேல் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மொழியின் பேரால் அடி வாங்கிய அனுபவம் மும்பைத் தமிழருக்கும் இருக்கிறது. நாம்தான் இதை முதலில் உணர வேண்டியவர்கள்.

இனி என் கோரிக்கைகள். தங்கள் நாளிதழ் வாரம் ஒரு முறை, சனிக்கிழமையன்று, நகரத்து அருங்காட்சியகங்களிலும் அரங்குகளிலும் அந்த வாரம் நடப்பதைச் சிறு கட்டமாக வெளியிட வேண்டும். நேரம், கட்டணம், பக்கத்து ரயில் நிலையம் இவற்றோடு உட்கார இடம் உண்டா, முதியவர்களுக்கு லிஃப்ட் உண்டா, குழந்தைக்குப் பாலூட்ட அறை உண்டா என்பதையும் கேட்டு எழுத வேண்டும். பத்திரிகை கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்பதாலேயே அவர்கள் அறையை ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் ஊர் மன்றங்களும் ஆண்டுதோறும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மெல்லிசையும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. நடத்தட்டும், நானும் போய்க் கேட்கிறேன். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் முன்கூட்டியே சீனக் கூடத்தைப் பார்த்துப் படித்து வைத்துக்கொண்டு, அன்று வருகிறவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். சுவரில் தமிழ்ப் பலகை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்வதற்கு ஒரு வாய் இருந்தால் போதும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு: உரைகளைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். தலைக்குக் கட்டணம் போடாமல் வீட்டுக்கு ஒரு டிக்கெட் என்று வையுங்கள். கலைஞருக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் குறைக்காதீர்கள். பாட்டிமாரை மேஜையில் உட்கார வையுங்கள்.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் 2015 முதல் ஒரு பஸ்ஸையே காட்சிக்கூடமாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. அந்த பஸ் ஒரு ஞாயிறு எங்கள் 90 அடிச் சாலைக்கு வர வேண்டும். அருங்காட்சியகம் எங்கள் தெருவுக்கு வருவது புதிதும் அல்ல. 2016இல் டிசைன் மியூசியம் தாராவி என்ற பெயரில், தாராவியில் செய்த பானைகளையும் துடைப்பங்களையும் வண்டியில் வைத்துத் தெருத் தெருவாகக் காட்டினார்கள். எங்கள் கைப்பொருளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மற்ற நாட்டுக் கைப்பொருளைப் பார்க்க எங்களுக்கும் வாய்ப்புக் கொடுங்கள் என்கிறோம்.

எந்த அருங்காட்சியகமோ மன்றமோ பிள்ளைகளுக்காக நிழற்பாவைப் பயிற்சி நடத்த முன்வந்தால், வெட்டுவதற்கு வேண்டிய மெல்லிய தோல் துண்டுகளையும் அட்டை மாதிரிகளையும் பலகைகளையும் எங்கள் தெருப் பட்டறைகள் காசு வாங்காமல் தரும். பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் பேசிவிட்டேன். கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்க நாங்கள் நான்கைந்து பேர் வந்து நிற்போம். ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், எங்களுக்கு விடுமுறை அன்றுதான். விருப்பம் உள்ளவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், தாங்கள் அந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
தோல் பைப் பட்டறைக்காரர்,
தாராவி, மும்பை – 400017.